பதினொரு மீட்டர் தனிமை

2023 ஜூன் மாதம் தொடங்கி, லண்டனில் தேம்ஸ் நதிக்கரையிலுள்ள நேஷனல் தியேட்டரில், இங்கிலாந்து கால்பந்து அணி இரவுதோறும் மேடை ஏறியது. ஹாரி கேன், மார்கஸ் ராஷ்ஃபோர்ட், ஜோர்டன் பிக்ஃபோர்ட், டெலி அல்லி என்று பெயர்கள் எல்லாம் நிஜம். ஆடியவர்கள் நடிகர்கள். ஜேம்ஸ் கிரஹாம் எழுதி, ரூபர்ட் கூல்ட் இயக்கிய ‘டியர் இங்கிலாந்து’ நாடகம் அது. கோடிப் பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது கால் நடுங்குகிற ஒரு வாலிபன் அந்த நடுக்கத்தை யாரிடம் போய்ச் சொல்வான் என்பதுதான் அதன் கதை.

நாடகம் ஓடிக்கொண்டிருந்த அதே நாட்களில், ஜூலை 13 அன்று, நிஜமான டெலி அல்லியின் பேட்டி வெளியானது. 27 வயது. 2018 உலகக் கோப்பைக் காலிறுதியில் சுவீடனுக்கு எதிராகத் தலையால் முட்டி கோல் போட்டவர். அதற்குப் பிறகு ஆட்டம் படிப்படியாகச் சரிந்தது. சோம்பேறித்தனம், கேளிக்கை, பணத்திமிர் என்று ஆளாளுக்கு ஒரு காரணம் சொன்னார்கள். முன்னாள் வீரர் கேரி நெவில் எதிரே உட்கார்ந்து அல்லி சொன்னது வேறு. ஆறு வயதில் பாலியல் கொடுமைக்கு ஆளானது, எட்டு வயதில் போதைப்பொருள் விற்றது, வளர்ந்த பிறகு தூக்க மாத்திரைக்கு அடிமையானது, அமெரிக்காவில் ஒரு மறுவாழ்வு மையத்தில் ஆறு வாரம் இருந்துவிட்டு வந்தது. சொல்லும்போது குரல் உடைந்தது. மேடையில் ஒரு நடிகர் அவருடைய சட்டையைப் போட்டுக்கொண்டு ஆடிய அந்த வாரங்களில், அந்தச் சட்டைக்குச் சொந்தக்காரர் இத்தனை காலம் எதைச் சுமந்துகொண்டு மைதானத்தில் ஓடினார் என்பது முதல்முறையாக வெளியே வந்தது.

நாடகத்துக்கும் பேட்டிக்கும் நேரடித் தொடர்பு இருப்பதாகச் சொல்ல முடியாது. ஆனால் இரண்டும் ஒரே கதவைத்தான் தட்டின.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் தற்கொலை செய்துகொள்கிறவர்களில் நால்வரில் மூவர் ஆண்கள். நம் நாட்டுக் கணக்கும் ஏறக்குறைய அதே. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் பதிவுப்படி 2022-இல் இந்தியாவில் தற்கொலையில் போன உயிர்கள் 1,70,924. அதில் சுமார் 72 சதவீதம் ஆண்கள். (இதைப் படிக்கும் யாருக்காவது மனம் அந்தப் பக்கம் சாய்ந்தால் ‘டெலி மனஸ்’ சேவையின் 14416 எண்ணை எந்த நேரத்திலும் அழைக்கலாம். தமிழிலும் பேசுவார்கள். காசு கிடையாது.) ‘மனம் விட்டுப் பேசுங்கள்’ என்று ஆண்களிடம் சொல்லாத அரசு இல்லை, சங்கம் இல்லை. ஆனால் சொன்னதும் பேசிவிடுவதற்கு, பேசாமல் இருப்பது நேற்று வந்த பழக்கமா? ‘ஆம்பளப் புள்ள அழலாமா’ என்று கேட்டுக் கேட்டே வளர்த்திருக்கிறோம்.

விளையாட்டு உலகம் இந்தப் பாடத்தை இன்னும் கறாராகச் சொல்லித் தரும் பள்ளிக்கூடம். வலியைக் காட்டினால் எதிரணி அந்த இடத்தையே குறிவைக்கும். காயத்தைச் சொன்னால் அடுத்த ஆட்டத்தில் பெயர் இருக்காது. பயத்தைச் சொன்னால் கூட ஆடுகிறவனே நம்ப மாட்டான். பத்து வயதில் அகாடமியில் சேருகிற பையன் இதையெல்லாம் யாரும் சொல்லாமலேயே கற்றுக்கொள்கிறான். மறைக்கத் தெரிந்தவன் மேலே போகிறான். பதினைந்து வருடம் கழித்து ‘மனதில் என்ன இருக்கிறது, சொல்லு’ என்று ஒரு மருத்துவர் கேட்டால் அவனிடம் பதில் இருப்பதில்லை. நாடகம் உள்ளே நுழைய முடிவது இந்த இடத்தில்தான் என்று நினைக்கிறேன். அது அவனைப் பேசச் சொல்வதில்லை. அவனை இருட்டில் உட்காரவைத்து, அவனைப் போன்ற இன்னொருவன் வெளிச்சத்தில் நின்று பயப்படுவதைக் காட்டுகிறது.

வெம்ப்ளியில் ஒரு சாயங்காலம்

‘டியர் இங்கிலாந்து’ கதையின் விதை 1996 ஜூன் 26 அன்று விழுந்தது. ஐரோப்பியக் கோப்பை அரையிறுதி, வெம்ப்ளி மைதானம், எதிரே ஜெர்மனி. ஆட்டம் 1-1. பெனால்டி ஷூட்-அவுட்டில் இரு அணியும் ஐந்துக்கு ஐந்து அடித்துவிட்டன. ஆறாவதாக வந்தவர் கேரத் சவுத்கேட், ஆஸ்டன் வில்லா அணியின் தடுப்பாட்டக்காரர், 25 வயது. நடுவட்டத்திலிருந்து நடந்து வந்தார், பந்தை வைத்தார், அடித்தார். பந்து வேகமில்லாமல் தாழ்ந்து போனது. ஜெர்மன் கோல்கீப்பர் கோப்கே பாய்ந்து தடுத்தார். அடுத்து வந்த மோலர் கோல் போட்டார். இங்கிலாந்தின் கதை முடிந்தது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் கவனிக்க வேண்டியது. ஓங்கி ஒரு அடி அடித்திருக்கக் கூடாதா என்று அவருடைய அம்மாவே கேட்டதாக நாடறிந்த ஒரு கதை உண்டு. சில மாதங்களில் ஒரு பீட்சா நிறுவனத்தின் விளம்பரத்தில் சவுத்கேட் தலையில் காகிதப்பை மாட்டிக்கொண்டு நடித்தார். 1990 உலகக் கோப்பையில் இதேபோல் பெனால்டியைத் தவறவிட்ட ஸ்டூவர்ட் பியர்ஸும் கிறிஸ் வாடிலும் எதிரே உட்கார்ந்து அவரைக் கலாய்ப்பார்கள். நாடே சிரித்தது. ஒரு வாலிபன் தன் வாழ்நாளின் மிகப் பெரிய அவமானத்தோடு வெளியே வர, அன்றைய ஆண்கள் உலகம் திறந்துவைத்திருந்த ஒரே வாசல் கேலிதான். தன்னைத்தானே கேலி செய்துகொண்டால் அந்தக் கூட்டத்தில் சேர்த்துக்கொள்வார்கள். அழுதால் சேர்க்க மாட்டார்கள்.

இங்கிலாந்து ஆண்கள் அணி 1990, 1998, 2004, 2006, 2012 ஆண்டுகளிலும் பெனால்டியில்தான் வெளியேறியது. சாபம் என்று பேசிக்கொண்டார்கள். கெயர் யோர்டெட் என்ற நார்வே நாட்டு உளவியல் ஆய்வாளர் பழைய ஷூட்-அவுட் பதிவுகளைப் போட்டுப் போட்டுப் பார்த்து ஒன்றைக் கண்டுபிடித்தார். மற்ற நாட்டு வீரர்களைவிட ஆங்கில வீரர்கள் அவசரப்படுகிறார்கள். நடுவர் விசில் ஊதி அரை வினாடி ஆவதற்குள் ஓடத் தொடங்கிவிடுகிறார்கள். அந்த இடத்தில் நிற்பதே தாங்க முடியாமல், சீக்கிரம் முடித்துத் தொலைத்துவிட வேண்டும் என்ற தவிப்பு. பந்துக்கும் கோலுக்கும் நடுவே இருப்பது பதினொரு மீட்டர். ஓடிக்கொண்டே இருக்கிற ஓர் ஆட்டம் சட்டென்று நின்று, பதினொரு பேர் ஆடுகிற விளையாட்டில் ஒரே ஒருவனை மட்டும் பிரித்தெடுத்து ஊர் முன்னால் நிறுத்துகிறது.

2016-இல் அதே சவுத்கேட் இங்கிலாந்தின் மேனேஜர் ஆனார். ஐரோப்பியக் கோப்பையில் ஐஸ்லாந்திடம் தோற்று, அடுத்து வந்த மேனேஜர் ஒரே ஆட்டத்தோடு பதவி விலகி, அணி நொறுங்கிக் கிடந்த நேரம். பிப்பா கிரேஞ்ச் என்ற உளவியலாளர் அணிக்குள் வந்தார். வீரர்களைச் சிறு சிறு குழுவாக உட்காரவைத்து, அவரவர் வாழ்க்கையையும் பயத்தையும் பேசவைத்தார். பெனால்டிப் பயிற்சியில் உதையை மட்டுமல்ல, நடுவட்டத்திலிருந்து நடந்து வரும் அந்த நீண்ட நடையையும் பழகினார்கள். மூச்சை நிதானப்படுத்தப் பழகினார்கள். 2018 ஜூலை 3 அன்று மாஸ்கோவில் கொலம்பியாவை ஷூட்-அவுட்டில் 4-3 என்று வென்றார்கள். உலகக் கோப்பையில் இங்கிலாந்து பெனால்டியில் வென்றது அதுவே முதல்முறை. தன் அணி குதித்துக் கொண்டாடும்போது சவுத்கேட், பெனால்டியைக் குறுக்குக் கம்பத்தில் அடித்துவிட்டு நின்ற கொலம்பிய வீரர் உரிபேயைத் தோளோடு அணைத்துத் தேற்றிக்கொண்டிருந்தார். அவருக்குத் தெரியாத வலியா அது?

பந்தே இல்லாத பெனால்டி

ஜேம்ஸ் கிரஹாம் நாட்டிங்ஹாம்ஷயரில், நிலக்கரிச் சுரங்கங்கள் இருந்த மான்ஸ்ஃபீல்ட் பக்கம் பிறந்து வளர்ந்தவர். அரசியல் நாடகங்களில் பேர் வாங்கியவர். கால்பந்தை மேடையில் காட்டுவது பெரும் சிக்கல் என்று எந்த நாடகக்காரரும் சொல்வார். ஓடுவதற்கு இடம் இல்லை. பந்து நடிகன் பேச்சைக் கேட்காது. கிரஹாமும் கூல்டும் பெனால்டியை மட்டும் பிடித்துக்கொண்டது சாமர்த்தியம். ஒரு மனிதன், ஓர் இடம், எதிரே மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு கூட்டம் என்று பெனால்டி ஏற்கெனவே பாதி நாடகமாகத்தான் இருக்கிறது.

எஸ் டெவ்லின் அமைத்த மேடை வட்டமானது, சுழல்வது. மேலே ஒளிவளையம் ஒன்று, வெம்ப்ளியை நினைவூட்டும்படி. நாடகத்தின் தொடக்கத்திலேயே 1996 வருகிறது. இளம் சவுத்கேட் பெனால்டி அடிக்க நடந்து போகிறான். நடுத்தர வயது சவுத்கேட்டாக நிற்கும் ஜோசப் ஃபியன்ஸ் அதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். இருபது வருடமாக இந்த மனிதனுக்குள் திரும்பத் திரும்ப ஓடிய படம் இப்போது வெளியே, நம் கண்முன்னால். பிறகு வரும் ஷூட்-அவுட்டுகளில் ஒவ்வொரு வீரனும் தனியாக முன்னே வருகிறான். உதைக்கிற காட்சியில் பந்து இல்லை. உடம்பு மட்டும்தான். தோள் இறுகுவது, கண் அலைவது, மூச்சு தப்புவது, கால் காற்றில் வீசுவது எல்லாம் மெதுவாக விரிகின்றன. தொலைக்காட்சியில் பந்து எங்கே போகிறது என்று பார்த்தே பழகிய கண்ணுக்கு, மேடையில் பார்க்க மனிதனைத் தவிர வேறு எதுவும் இருப்பதில்லை. இந்த நாடகம் செய்த வேலைகளிலேயே பெரியது இதுதான் என்பேன். வசனங்களெல்லாம் இதற்கு அடுத்தபடிதான்.

ஹாரி கேனாக நடித்த வில் குளோஸ் 2024-இல் துணை நடிகருக்கான ஆலிவியர் விருது வாங்கினார். அதே ஆண்டு சிறந்த புதிய நாடகத்துக்கான விருதும் ‘டியர் இங்கிலாந்து’க்குத்தான். கேனைத் தயங்கித் தயங்கிப் பேசுகிற, வார்த்தை வராமல் முழிக்கிற ஆளாக அவர் நடித்தபோது அரங்கம் சிரித்தது. ஆனால் வார்த்தை வராத அந்த ஆள்தான் அணித் தலைவன். 2022 உலகக் கோப்பைக் காலிறுதியில் பிரான்ஸுக்கு எதிராக இரண்டாவது பெனால்டியை மேலே தூக்கி அடித்துவிட்டு நின்றதும் அவன்தான். சிரித்த கூட்டம் அவனோடு சேர்ந்து உடைகிறது. விளையாட்டு ரசிகர்களை மனம் திறக்கவைக்க, முதலில் அவர்களோடு சேர்ந்து சிரிக்க வேண்டும் என்பது கிரஹாமுக்குத் தெரிந்திருக்கிறது.

கிரேஞ்ச் பாத்திரத்தில் முதலில் நடித்தவர் ஜீனா மெக்கீ. ஆண்கள் மட்டுமே இருந்த அறைக்குள் ஒரு பெண் வந்து ‘எதைக் கண்டு பயப்படுகிறீர்கள்’ என்று கேட்டதும், அங்கே நெளிவும் முனகலும் கிண்டலும் எழுகின்றன. பழைய ஆட்களுக்கு அவர் வந்ததே பிடிக்கவில்லை. நம் ஊர் விளையாட்டுச் சங்கங்களில் உட்கார்ந்து பழகியவர்களுக்கு அந்த முனகல் புதிதாக இருக்காது.

2021 ஜூலை 11 இரவை நாடகம் ஒதுக்கிவிட்டுப் போக முடியாது. ஐரோப்பியக் கோப்பை இறுதி, வெம்ப்ளி, இத்தாலி. மீண்டும் பெனால்டி, மீண்டும் தோல்வி. தவறவிட்ட மூவர் ராஷ்ஃபோர்ட், சாஞ்சோ, புகாயோ சாக்கா. மூவருமே கறுப்பின இளைஞர்கள். சாக்காவுக்கு 19 வயது. ஆட்டம் முடிந்த நிமிடத்திலிருந்து அவர்களுடைய சமூக ஊடகப் பக்கங்களில் இனவெறி கொட்டியது. அந்த இறுதி ஆட்டத்துக்கு ஒரு மாதம் முன்புதான் சவுத்கேட், ‘டியர் இங்கிலாந்து’ என்று தொடங்கும் ஒரு திறந்த மடலில் தன் வீரர்கள் வெறும் ஆட்டக்காரர்கள் இல்லை என்று நாட்டுக்கு எழுதியிருந்தார். நாடகத்தின் தலைப்பு அங்கிருந்து வந்தது. மான்செஸ்டரின் விதிங்டன் பகுதியில் ராஷ்ஃபோர்டின் சுவரோவியத்தை யாரோ கிறுக்கிக் கெடுத்தார்கள். விடிந்ததும் அக்கம்பக்கத்தார் வந்து, கிறுக்கலே தெரியாதபடி அதன்மேல் கைப்பட எழுதிய துண்டுச் சீட்டுகளையும் காகித இதயங்களையும் ஒட்டினார்கள். குழந்தைகளின் கோணல் எழுத்துகள், கொடிகள், மன்னிப்புகள். ஊரே ஒரு சுவர் முன்னால் நின்று தன் வீரனுக்கு ஆறுதல் சொன்னது.

ஆட்டம் தெரியாத அறை

விளையாட்டு ஆண்களின் மனதை மேடைக்குக் கொண்டுவந்த முதல் ஆள் கிரஹாம் அல்லர். ஐம்பது வருடத்துக்கு முன்பே டேவிட் ஸ்டோரி அதைச் செய்திருக்கிறார். வேக்ஃபீல்டில் சுரங்கத் தொழிலாளியின் மகன். லண்டனில் ஓவியம் படித்துக்கொண்டே, வார இறுதியில் ரயிலேறி வடக்கே வந்து லீட்ஸ் அணிக்காக ரக்பி லீக் ஆடியவர். 1971-இல் ராயல் கோர்ட் தியேட்டரில் அவருடைய ‘தி சேஞ்சிங் ரூம்’ அரங்கேறியது. லிண்ட்சே ஆண்டர்சன் இயக்கம்.

அந்த நாடகம் முழுக்க நடப்பது உடைமாற்றும் அறையில். ஆட்டம் வெளியே எங்கோ நடக்கிறது. நமக்குக் காட்டப்படுவதே இல்லை. ஆண்கள் வருகிறார்கள், சட்டையைக் கழற்றுகிறார்கள், தைலம் தேய்த்துக்கொள்கிறார்கள், வம்பளக்கிறார்கள், வெளியே போகிறார்கள். நடுவில் கெண்டல் என்ற ஆட்டக்காரனை மூக்குடைந்து, ரத்தம் கண்ணை மறைக்க, கைத்தாங்கலாகக் கூட்டிவருகிறார்கள். அவன் புதிதாக வாங்கி, வந்ததும் எல்லாரிடமும் பெருமையாகக் காட்டிய ஒரு மின்கருவி அங்கே இருக்கிறது. முகம் கிழிந்த நிலையிலும் அவன் மனம் அந்தக் கருவியைச் சுற்றிக்கொண்டிருக்கிறது. எதிர்காலம் என்ன, வலிக்கிறதா, வீட்டில் என்ன நிலைமை என்று யாரும் கேட்பதில்லை. கெண்டலும் சொல்வதில்லை. 1973-இல் நியூயார்க்கில் கெண்டலாக நடித்து டோனி விருது வாங்கியவர் ஜான் லித்கோ.

ஸ்டோரி வாழ்நாள் முழுக்க மனச்சோர்வோடு போராடினார் என்பது அவர் இறந்த பிறகு, 2021-இல் வெளியான நினைவுக் குறிப்புகளில் விரிவாக வந்தது. அதைத் தெரிந்துகொண்டு அந்த நாடகத்துக்குத் திரும்பிப் போனால், அந்த அறையின் அரட்டைச் சத்தம் வேறு மாதிரி கேட்கிறது. அவருடைய காலத்தில் மௌனத்தைக் காட்டத்தான் முடிந்தது. கிரஹாமின் காலத்தில் அதே அறைக்குள் ஒரு பெண் வந்து நாற்காலியை இழுத்துப் போட்டுக் கேள்வி கேட்கிறாள்.

நிஜத்தில் அந்த அறை எப்படி இருக்கும் என்பதற்கு மார்கஸ் டிரெஸ்கோதிக்கைவிடச் சாட்சி வேண்டாம். 2006 பிப்ரவரியில் இங்கிலாந்து கிரிக்கெட் அணியோடு இந்தியா வந்திருந்தார். வதோதராவில் பயிற்சி ஆட்டத்தின்போது உடைமாற்றும் அறையில் உடைந்து அழுதார். ஊருக்குத் திரும்பினார். பிறகு வெளியே சொன்ன காரணம் வைரஸ் காய்ச்சல். அதே ஆண்டு நவம்பரில் ஆஸ்திரேலியாவிலிருந்தும் பாதியில் திரும்பினார். 2008-இல் ஹீத்ரோ விமான நிலையத்தில், துபாய் விமானத்தில் ஏற முடியாமல், ஒரு கடைக்குள்ளே நின்று குலுங்கினார். அந்த ஆண்டே எல்லாவற்றையும் புத்தகமாக எழுதினார். உலகின் மிகச் சிறந்த தொடக்க ஆட்டக்காரர்களில் ஒருவர், மனச்சோர்வு என்ற சொல்லைச் சொல்ல வெட்கப்பட்டு, காய்ச்சல் என்று பொய் சொல்ல வேண்டியிருந்தது.

அவரோடு ஆடிய கிரஹாம் தோர்ப் 2024 ஆகஸ்டில் மனச்சோர்வால் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். அதைக் குடும்பமே முன்வந்து வெளிப்படையாகச் சொன்னது. ஒரு வருடம் கழித்து, 2025 ஆகஸ்ட் 1 அன்று, இந்தியாவும் இங்கிலாந்தும் ஆடிய ஓவல் டெஸ்டின் இரண்டாம் நாளில், தோர்ப் ஆடும்போது நெற்றியில் கட்டுகிற பட்டையைப் போலவே பட்டை கட்டிக்கொண்டு ரசிகர்கள் கூட்டம் கூட்டமாக வந்து உட்கார்ந்தார்கள். வசூலான பணம் மனநலப் பணிக்குப் போனது. ஆயிரக்கணக்கான ஆண்கள் ஒருவரின் வேடத்தைத் தாங்களே அணிந்துகொண்டு அவரை நினைத்த அந்த நாளையும் நாடகம் என்று சொல்லத் தயங்க மாட்டேன்.

தலைக்குள் ஒரு போலீஸ்காரர்

பெரிய அரங்கின் நாடகத்தைப் பார்ப்பது ஒன்று. நாமே ஆடிப் பார்ப்பது இன்னொன்று. விளையாட்டு அணிகளுக்கு இரண்டாவதுதான் அதிகம் உதவும் என்பது என் எண்ணம். வழியைப் போட்டுக் கொடுத்தவர் பிரேசில் நாட்டு நாடகக்காரர் அகஸ்தோ போல். 1971-இல் ராணுவ ஆட்சி அவரைக் கைது செய்து சித்திரவதை செய்தது. பிறகு நாட்டைவிட்டே போனார். ‘ஒடுக்கப்பட்டோர் அரங்கு’ அவர் கொடுத்த பெயர். அதில் ஒரு வகை இப்படி நடக்கும். ஓர் அநியாயமான சூழ்நிலையைச் சின்னக் காட்சியாக நடிப்பார்கள். முடிவு மோசமாக இருக்கும். அதையே மறுபடி நடிக்கும்போது பார்வையாளரில் யார் வேண்டுமானாலும் ‘நிறுத்து’ என்று சொல்லிவிட்டு மேடைக்கு வந்து, பாதிக்கப்பட்டவனின் இடத்தை எடுத்துக்கொண்டு வேறு வழியை முயன்று பார்க்கலாம்.

ஓர் அகாடமியின் பதினேழு வயதுப் பையன்கள் முன்னால் இதை வைத்துப் பாருங்கள். மூன்று ஆட்டமாக வெளியே உட்காரவைக்கப்பட்ட ஒருவன். தூக்கம் இல்லை. கோச்சிடம் பேசப் போகிறான். அவர் போனில் இருக்கிறார். ‘என்னடா?’ என்கிறார். ‘ஒண்ணுமில்ல சார்’ என்று திரும்பிவிடுகிறான். காட்சி அவ்வளவுதான். மறுபடி நடக்கும்போது ஒரு பையன் ‘நிறுத்து’ என்று எழுந்து போய் அந்த இடத்தில் நிற்கிறான். அவன் வாயில் என்ன வருகிறது? முதல் முயற்சியில் அவனும் ‘ஒண்ணுமில்ல சார்’ என்றுதான் சொல்லக்கூடும். பரவாயில்லை, அடுத்தவன் வரட்டும். கோச்சாக நடிக்க நிஜக் கோச் வந்தால் இன்னும் நல்லது. இது யாருடைய சொந்த ரகசியமும் இல்லை, ஒரு பாத்திரத்தின் பிரச்னை. அந்த மறைவில்தான் பையன்கள் தங்கள் நிஜத்தைச் சொல்ல முடியும். பெனால்டிக்கு நடையைப் பழகுவதுபோல, உதவி கேட்கும் வாக்கியத்தையும் உடம்போடு பழக வேண்டியிருக்கிறது.

போல் பிறகு ஐரோப்பாவில் வேலை செய்தபோது இன்னொன்றைக் கவனித்தார். அங்கே மக்கள் தனிமை, வெறுமை, பயம் என்று தங்கள் வேதனைகளைச் சொன்னார்கள். தெருவில் போலீஸ் இல்லை. ஆனால் தலைக்குள் ஒரு போலீஸ்காரர் உட்கார்ந்திருக்கிறார் என்று புரிந்துகொண்டார். அவரை வெளியே இழுத்து, ஒரு நடிகரின் உருவம் கொடுத்து எதிரே நிறுத்திப் பேசவைக்கும் பயிற்சிகளை உருவாக்கினார். விளையாட்டு வீரனின் தலைக்குள் இருப்பவர் யார்? அப்பாவாக இருக்கலாம், முதல் பயிற்சியாளராக இருக்கலாம், நேற்று இரவு போனில் வசைபாடிய முகமற்ற கூட்டமாகவும் இருக்கலாம்.

அரங்கு மனக்காயத்தைத் தொடும் என்பது நமக்கு வெளியூரிலிருந்து வந்த செய்தி அல்ல. 1985-இல் யாழ்ப்பாணத்தில் குழந்தை ம. சண்முகலிங்கம் எழுதி, க. சிதம்பரநாதன் நெறியாள்கை செய்த ‘மண் சுமந்த மேனியர்’, போரின் நடுவே நின்ற மக்கள் தங்கள் துயரைத் தாங்களே பார்க்கும் இடமானது. போரால் சிதைந்த மனங்களைப் பற்றிச் சண்முகலிங்கத்தின் ‘அன்னை இட்ட தீ’யும் பேசியது. தமிழ்நாட்டின் வட மாவட்டங்களில் கருமாதி இரவில் ‘கர்ண மோட்சம்’ கூத்து வைப்பார்கள். கர்ணன் சாயும்போது துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுகிற பெரியவர்களை யாரும் கேலி செய்வதில்லை.

ஜெயிப்பதற்கான மருந்தா?

‘டியர் இங்கிலாந்து’ மீது எனக்கு ஒரு மனக்குறை உண்டு. மனம் விட்டுப் பேசினார்கள், அதனால் ஜெயித்தார்கள் என்ற கணக்கு அதில் அடிக்கடி எட்டிப் பார்க்கிறது. கால்பந்துச் சங்கம் உளவியலாளரை அழைத்ததே பெனால்டியில் ஜெயிக்கத்தான். அப்படியானால் தோற்கிற அணியின் மனநலம்? நான்காம் டிவிஷனில் சம்பளம் சரியாக வராத கோல்கீப்பரின் மனநலம்? விளையாட்டில் மனப்பயிற்சிக்கு இடம் உண்டு, மறுக்கவில்லை. 2011 உலகக் கோப்பை வென்ற இந்திய அணியோடு இருந்த பேடி அப்டன், 2024-இல் நம் சென்னை குகேஷ் சதுரங்க உலக சாம்பியன் ஆனபோதும் துணை நின்றார். அது ஆட்டத்துக்கான ஆயத்தம். டிரெஸ்கோதிக்குக்கு வந்தது நோய். இரண்டும் ஒரே அலமாரியில் வைக்கிற பொருள்கள் அல்ல.

ஜெர்மனியில் ராபர்ட் என்கேயின் கதை இதை ஈரல்குலையில் உணர்த்தும். ஹானோவர் அணியின் கோல்கீப்பர், தேசிய அணியில் இடம்பிடித்தவர். 2009 நவம்பர் 10 அன்று 32 வயதில் தன் உயிரை முடித்துக்கொண்டார். ஆட்டத்தில் நல்ல நிலையில் இருந்தார். மறுநாள் அவருடைய மனைவி தெரேசா பத்திரிகையாளர்கள் முன் வந்து, வருடக்கணக்காக மறைத்துவைத்த மனச்சோர்வைப் பற்றிச் சொன்னார். வெளியே தெரிந்தால் வேலையும் போகும், தத்தெடுத்த மகளும் போய்விடுவாள் என்று கணவர் அஞ்சியதைச் சொன்னார். அவர் பெயரில் தொடங்கிய அறக்கட்டளை இன்றுவரை விளையாட்டு வீரர்களின் மனச்சோர்வுக்காக வேலை செய்கிறது.

சொன்னால் வேலை போகும் என்ற அந்தப் பயம் கற்பனை இல்லை. 2018 உலகக் கோப்பைக்கு முன் டேனி ரோஸ் என்ற இங்கிலாந்து வீரர் தனக்கு மனச்சோர்வு இருந்ததையும் மருந்து சாப்பிட்டதையும் பத்திரிகையாளர்களிடம் வெளிப்படையாகச் சொன்னார். சவுத்கேட்டின் அணியில் அதற்கு ஆதரவு கிடைத்தது. பின்னர் அவரை வாங்க விரும்பிய ஒரு கிளப், அவர் பைத்தியம் இல்லையே என்று நேரில் பார்த்து உறுதி செய்துகொள்ள விரும்பியதாக அவரே சொல்லியிருக்கிறார். பேசச் சொன்ன உலகம், பேசியவனிடம் காட்டிய முகம் அது. ஒப்பந்தத் தாளை எந்த நாடகமும் திருத்தி எழுதாது. கிளப் முதலாளிகளும் சங்கங்களும்தான் திருத்த வேண்டும்.

ஆனாலும் நாடகத்தில் ஜேம்ஸ் கிரஹாம் ஒரு நேர்மையான காரியம் செய்தார். 2024 ஜூலையில் ஸ்பெயினிடம் இறுதி ஆட்டத்தில் தோற்ற இரண்டாம் நாள் சவுத்கேட் விலகினார். 102 ஆட்டங்கள், இரண்டு ஐரோப்பிய இறுதிகள், கோப்பை இல்லை. 2025 மார்ச்சில் நாடகம் மறுபடி நேஷனல் தியேட்டருக்கு வந்தபோது, கிரஹாம் அந்த முடிவையும் உள்ளே சேர்த்துக் கடைசிப் பகுதியைத் திருத்தி எழுதினார். இம்முறை சவுத்கேட்டாக க்விலிம் லீ. கோப்பையில்லாத கதையைக் கோப்பையில்லாமலேயே சொன்னார்கள்.

அதே மார்ச்சில் நிஜ சவுத்கேட் பி.பி.சி.யின் ரிச்சர்ட் டிம்பிள்பி உரையை ஆற்றினார். அணித் தேர்வோ ஆட்ட வியூகமோ அல்ல, தனித்துப்போகும் வாலிபர்களைப் பற்றிப் பேசினார். நல்ல வழிகாட்டிகள் இல்லாத இடத்தில், பெண்வெறுப்பையும் பணத்தையும் ஆண்மை என்று விற்கிற இணையப் பிரமுகர்கள் வந்து உட்கார்ந்துகொள்கிறார்கள் என்று எச்சரித்தார். தன் 1996 பெனால்டியையும் எடுத்துச் சொன்னார். முப்பது வருடத்துக்கு முன் காகிதப்பைக்குள் முகத்தை மறைத்துக்கொண்டவர், தேசத் தொலைக்காட்சியில் அதை ஒரு பாடமாக நிதானமாகச் சொல்கிற இடத்துக்கு வந்திருந்தார்.

‘டியர் இங்கிலாந்து’ 2025 செப்டம்பரிலிருந்து ஊர் ஊராகச் சுற்றுப்பயணம் போகத் தொடங்கியது. நல்லதுதான். இதற்கு அடுத்த நாடகத்தை யாராவது எழுதுவதாக இருந்தால், தேசிய அணியில் இடம்பிடிக்காத பையன்களைப் பற்றி எழுத வேண்டும். டைரெல் வில்லியம்ஸின் ‘ரெட் பிட்ச்’ 2022-இல் அந்தப் பக்கம் ஓர் அடி எடுத்து வைத்தது. தெற்கு லண்டன் குடியிருப்பு ஒன்றின் சிறு மைதானம், பதினாறு வயதில் மூன்று பையன்கள், பெரிய கிளப்பில் சேரும் கனவு. எட்டு வயதில் எடுத்து, பதினாறிலும் பதினெட்டிலும் ‘நீ வேண்டாம்’ என்று கிளப்புகள் திருப்பி அனுப்புகிற பிள்ளைகள்தான் எண்ணிக்கையில் அதிகம். அந்தக் கடிதம் வருகிற வாரத்துக்கு முன்பே, அகாடமியின் சாப்பாட்டு அறையில் நாற்காலிகளை ஒதுக்கிவைத்துவிட்டு, அந்தப் பையன்களும் அவர்களுடைய கோச்சுகளும் சேர்ந்து ஒரு காட்சியை ஆடிப் பார்க்கலாம். அதற்குச் சுழல் மேடை வேண்டாம், விருதும் வேண்டாம். ஒரு மாலை நேரமும், நாடகம் தெரிந்த ஒருவரும், பக்கத்து அறையில் ஒரு மனநல ஆலோசகரும் போதும்.